கேரட் வேரின் நிறத்தில் ஒளியின் பங்கும் மரபணுவின் பங்கும்: புதிதாக ஆய்வில் இறங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

வேரில் நிறமி உருவாவதை ஒளியும் மரபணுக்களும் எவ்வாறு கட்டுப்படுத்துகின்றன என்ற தலைப்பை முதுநிலை ஆய்வேட்டுக்கோ முனைவர் பட்டத்தின் முதல் ஆண்டுக்கோ எடுத்துக்கொண்டிருக்கும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த வேலையைக் கேரட்டில் செய்து முடிக்க எனக்குத் தேவைப்பட்ட விவரங்கள் ஆய்வுக்கட்டுரைகளின் செய்முறைப் பகுதிகளிலும், ஆய்வக மூத்தவர்களின் நினைவிலும், அலுவலகப் படிவங்களின் அடிக்குறிப்புகளிலும் சிதறிக் கிடந்தன. அவற்றைத் தேடுவதில் நீங்கள் ஒரு பருவத்தை இழக்கக்கூடாது என்பதே என் எண்ணம். கேரட் விதை விதைத்தால் வேர் கிடைக்க மூன்று மாதத்திற்கு மேல் ஆகும். நடுவில் ஏதேனும் தவறினால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

1. ஒரே ஒரு நிறமியைத் தேர்ந்தெடுங்கள்

வேரில் காணப்படும் நிறங்கள் எல்லாம் ஒரே வகைப் பொருளால் வருவன அல்ல. ஆரஞ்சுக் கேரட்டின் நிறம் கரோட்டினாய்டுகளால் வருகிறது. கறுப்பு அல்லது ஊதாக் கேரட்டின் நிறம் ஆந்தோசயனினால் வருகிறது. மண்ணுக்கு மேலே துருத்திய வேரின் தோள்பட்டையில் தெரியும் பச்சை, பச்சையத்தால் ஆனது. பீட்ரூட்டின் சிவப்பு பீட்டாலெய்ன் என்ற முற்றிலும் வேறான குடும்பத்தைச் சேர்ந்தது; ஆந்தோசயனினுக்கான செய்முறையைப் பீட்ரூட்டுக்குப் பயன்படுத்தினால் ஏதோ ஓர் எண் கிடைக்கும், ஆனால் அந்த எண்ணுக்குப் பொருள் இராது.

இந்த நிறமிகள் ஒளிக்குக் காட்டும் எதிர்வினைகளும் ஒன்றுக்கொன்று முரணானவை. ஆகவே "வேர் நிறமி" என்று பொதுவாக எழுதப்பட்ட ஆய்வு முன்மொழிவைக் குழு ஏற்றுக்கொண்டாலும், ஆய்வகத்தில் அது உங்களைத் திணறடிக்கும். முதல் ஆய்வுக்குக் கரோட்டினாய்டை முதன்மை நிறமியாகவும், பச்சையத்தைத் துணை அளவாகவும் வைத்துக்கொள்ளுமாறு பரிந்துரைக்கிறேன். காரணத்தை அடுத்த படியில் காண்பீர்கள்.

2. விதை வாங்குமுன் இந்த உயிரியலைத் தெரிந்துகொள்ளுங்கள்

கரோட்டினாய்டு உற்பத்திப் பாதையில் ஃபைட்டோயீன் சிந்தேஸ் என்ற நொதி ஒரு மதகைப் போன்றது. பாதையில் எவ்வளவு பொருள் பாயும் என்பதைப் பெரும்பாலும் அதுவே முடிவு செய்கிறது. அதை உருவாக்கும் மரபணுவைப் பிஎஸ்ஒய் என்று குறிப்பிடுவர். நாற்றின் இலைகளில் இருட்டில் பிஐஎஃப் எனப்படும் புரதங்கள் இந்த மரபணுவை அடக்கி வைக்கின்றன. ஒளி பட்டதும் ஃபைட்டோகுரோம் என்ற ஒளி ஏற்பி அந்தப் புரதங்களைச் சிதையச் செய்கிறது. ஹெச்ஒய்5 என்ற மற்றொரு புரதம் அதே மரபணுவைத் தூண்டுகிறது. எனவே இலையில் ஒளி வந்தால் கரோட்டினாய்டு கூடும்.

கேரட் வேரில் நடப்பது இதற்கு நேர்மாறானது. மண்ணுக்குள் முழு இருட்டில் இருக்கும் வேரில்தான் கரோட்டினாய்டு குவிகிறது. சிலி நாட்டில் கிளாடியா ஸ்டாங்கேயின் குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், வளரும் வேரின் ஒரு பகுதியை ஒளியில் வைத்தபோது அந்தப் பகுதி பருக்காமல் பச்சையாக மாறியது. நிறமியைச் சேமிக்கும் வண்ணக்கணிகங்களுக்குப் பதிலாக அங்கே பசுங்கணிகங்கள் உருவாயின. கரோட்டினாய்டின் மொத்த அளவும் குறைந்தது. அதே வேரின் இருட்டில் இருந்த பகுதி வழக்கம்போல் ஆரஞ்சாகவே வளர்ந்தது. உங்கள் ஆய்வின் அடிப்படை வடிவம் இதுதான்: ஒரே செடி, ஒரே வேர், ஒரு பகுதி ஒளியில், ஒரு பகுதி இருட்டில்.

மரபணுப் பக்கத்தில் ஒய், ஒய்2, ஓஆர் என்ற மூன்று பெயர்களைத் தெரிந்திருக்க வேண்டும். முதல் இரண்டும் வேரின் நிறத்தோடு தொடர்புடைய குரோமோசோம் இடங்கள்; மூன்றாவது ஒரு மரபணு. கேரட்டின் முழு மரபணுத்தொகுதி 2016-இல் வெளியானபோது, 5-ஆம் குரோமோசோமில் உள்ள ஒய் இடத்திற்கான மரபணு அடையாளம் காட்டப்பட்டது. ஒய்2 இடம் 7-ஆம் குரோமோசோமிலும், ஓஆர் மரபணு 3-ஆம் குரோமோசோமிலும் உள்ளன. ஒய், ஒய்2 இரண்டும் செயல்படும் வடிவில் இருந்தால் வேர் வெளுத்திருக்கும். இரண்டும் ஒடுங்கிய வடிவில் இருந்தால் ஆரஞ்சாகும். ஒய் மரபணு, ஆய்வகங்களில் மாதிரிச் செடியாகப் பயன்படும் அராபிடாப்சிஸில் ஒளிக்கான எதிர்வினையோடு தொடர்புடைய ஒரு மரபணுவின் உறவு. அதன் செயல் கெட்டுப்போன ஆரஞ்சுக் கேரட்டில், ஒளியில் மட்டும் இயங்க வேண்டிய மரபணுக்களுள் சில இருட்டிலேயே விழித்துக்கொள்கின்றன என்பது அந்த ஆய்வு முன்வைத்த விளக்கம். ஒளியும் மரபணுவும் இரண்டு தனித் தலைப்புகள் அல்ல என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு வேர்களில் எனக்குத் தெரிந்து வேறில்லை. கரோட்டினாய்டை நான் முன்னிறுத்துவதற்குக் காரணமும் இதுவே.

ஆந்தோசயனினில் நிலைமை ரகத்தைப் பொறுத்தது. ஜப்பானின் சுடா என்ற டர்னிப் ரகத்தில் மண்ணுக்கு மேலே ஒளி படும் பகுதி மட்டுமே சிவக்கும்; அதைத் தூண்டுவதில் நெடும் புற ஊதாக் கதிருக்கு முதன்மையான பங்கு உண்டு. ஊதாக் கேரட்டுக்கோ ஒளியே தேவையில்லை. மண்ணுக்குள்ளேயே நிறம் வந்துவிடும். அங்கே டிசி-எம்ஒய்பி-7 என்ற மரபணு சாவியாக உள்ளது. 2019-இல் வெளியான ஆய்வொன்றில் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையால் அதை முடக்கியபோது ஊதா வேர் மஞ்சளானது.

3. ரகத்தையும் ஆவணங்களையும் ஒன்றாகத் திட்டமிடுங்கள்

புதியவர்கள் மிகுதியாகக் காலத்தை இழப்பது இந்தப் படியில்தான். வெளிநாட்டு ஆய்வுக்கட்டுரையில் பார்த்த அதே ரகம்தான் வேண்டும் என்று முடிவு செய்தால், பின்வரும் வரிசையில் நடக்க வேண்டும்.

முதலில் விதையை அனுப்பும் நிறுவனத்தோடு பொருள் பரிமாற்ற ஒப்பந்தம். இதில் கையொப்பமிடும் அதிகாரம் உங்களுக்கோ உங்கள் நெறியாளருக்கோ இராது; பல்கலைக்கழகப் பதிவாளரோ அதற்கென நியமிக்கப்பட்ட அலுவலரோதான் ஒப்பமிட வேண்டும். அடுத்து, ஆய்வுக்கான விதை என்றால் புது தில்லியில் உள்ள தேசியத் தாவர மரபுவளப் பணியகத்திடம் இறக்குமதி அனுமதி பெற வேண்டும். 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இது கட்டாயம். அனுமதி கைக்கு வந்த பிறகுதான் விதை புறப்பட வேண்டும். பொதியோடு அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வர வேண்டும். பொதி நேராக உங்கள் மேசைக்கு வராது. பணியகத்தின் தனிமைப்படுத்தல் சோதனையைக் கடந்தே வரும்.

இவற்றில் மூன்று பொறிகள் உள்ளன. ஒன்று, "சிறிதளவு விதைதானே" என்று அஞ்சல் உறையில் வைத்து அனுப்பச் சொல்வது. அது சட்டத்திற்கு முரணானது, பறிமுதலும் ஆகும். இரண்டு, அனுமதியில் எழுதிய தாவரவியல் பெயரும் ரகப் பெயரும் சான்றிதழில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தாமல் போவது. மூன்று, அனுமதியின் செல்லுபடிக் காலம் முடிந்த பின் பொதி வந்து சேர்வது. ஆகவே அனுமதி வந்த அன்றே அதன் நகலை அனுப்புநருக்குக் கொடுத்து, முடிவுத் தேதியைத் தனியாகக் குறித்துச் சொல்லுங்கள்.

என் உறுதியான பரிந்துரை: முதல் ஆய்வுக்கு இந்திய ரகங்களையே பயன்படுத்துங்கள். இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பூசா ருதிரா சிவப்பு நிறமுடையது. அதில் லைக்கோபீன் என்ற சிவப்புக் கரோட்டினாய்டு மிகுதி. பூசா அசிதா கறுப்பு, ஆந்தோசயனின் நிறைந்தது. பூசா மேகாலி ஆரஞ்சு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஊட்டி 1 என்ற ஆரஞ்சு ரகமும் உண்டு. ஒரே பயிரில் மூன்று வேறுபட்ட மரபணுப் பின்னணிகள் உள்நாட்டிலேயே கிடைக்கின்றன. இறக்குமதிக் கோப்பு எதுவும் தேவையில்லை. விதை வாங்கும்போது ரகப் பெயர், விதைக்குவியல் எண், முளைப்புத்திறன் ஆகியவை அச்சிடப்பட்ட உறையையும் ரசீதையும் பாதுகாத்து வையுங்கள். ஆய்வேட்டுத் தேர்வாளர் கேட்கும் முதல் ஆதாரம் அதுதான். கலப்பின விதையாக இருந்தால் கடையில் கிடைக்கும் அடுத்த குவியல் முந்தையதை ஒத்திருக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம். முழு ஆய்வுக்கும் போதுமான விதையை ஒரே குவியலிலிருந்து வாங்கி, காற்றுப்புகாத உறையில் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள்.

மரபணு மாற்றம் அல்லது கிரிஸ்பர் உங்கள் திட்டத்தில் இருந்தால், நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல் இன்றி ஒரு பாக்டீரியத் தட்டைக்கூடத் தயாரிக்கக் கூடாது. 2022 மார்ச்சில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், அயல் டிஎன்ஏ எஞ்சியிராத சில வகை மரபணுத் திருத்தச் செடிகளுக்கு, மரபணு மாற்ற உயிரிகளுக்கான 1989-ஆம் ஆண்டு விதிகளின் சில பிரிவுகளிலிருந்து விலக்கு அளித்தது. அதற்காகக் குழுவிடமே போக வேண்டியதில்லை என்று பொருளல்ல. விலக்குக்குத் தகுதி உண்டா என்பதையும் அந்தக் குழுவே பார்க்கும். இக்குழு வாரந்தோறும் கூடுவதில்லை. அடுத்த கூட்டத் தேதியைக் கேட்டு அறிந்த பிறகே உங்கள் கால அட்டவணையை வரையுங்கள்.

4. நாள்காட்டியை அறுவடையிலிருந்து பின்னோக்கி எழுதுங்கள்

கேரட் முளைக்க ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். வேர் முழு நிறம் பெற விதைத்ததிலிருந்து 90 முதல் 110 நாள் வரை எடுக்கும். வேர் பருக்கத் தொடங்கும் முன் கரோட்டினாய்டு மிகக் குறைவு. ஆகவே நாற்று நிலையில் ஒரு மாதிரி, ஏறக்குறைய எட்டாவது வாரத்தில் ஒன்று, பன்னிரண்டாவது வாரத்துக்கு மேல் ஒன்று என்று குறைந்தது இரண்டு அல்லது மூன்று வயதுகளில் எடுக்க வேண்டும்.

வெப்பநிலையை நாள்காட்டியோடு சேர்த்தே எண்ணுங்கள். 15 முதல் 21 டிகிரி செல்சியஸ் வரையில்தான் நிறம் நன்றாக ஏறும். அதற்கு மேல் போனால் நிறம் வெளுக்கும். சமவெளியில் உள்ள கல்லூரியின் பசுமைக்குடிலில் ஏப்ரல் மாதம் வளர்த்த கேரட்டில் நீங்கள் காண்பது வெப்பத்தின் விளைவாகவே இருக்கும், ஒளியின் விளைவாக அல்ல. வெப்பத்தையும் ஒளியையும் கட்டுப்படுத்தும் வளர்ப்பு அறை கிடைத்தால் அதை முன்பதிவு செய்யுங்கள். அறுவடைத் தேதியை முடிவு செய்து, அதிலிருந்து நூற்றுப்பத்து நாள் பின்னோக்கி எண்ணி, மேலும் இரண்டு வாரத்தை முளைப்புத் தாமதத்துக்காகக் கூட்டிக்கொண்டால் அறை எந்த நாளிலிருந்து வேண்டும் என்று தெரியும். பெரும்பாலும் வளர்ப்பு அறைதான் வரிசையில் காத்திருக்க வைக்கும் பொருள். இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை விதைத்து வைப்பது சிறந்த காப்பு. மின்தடையால் ஒரு தொகுதி கெட்டாலும் மற்றது கைகொடுக்கும்.

5. ஒளியைப் போலவே இருட்டையும் அளந்து அமையுங்கள்

இந்த ஆய்வில் முடிவைப் பொய்யாக்கும் பிழைகளுள் பெரும்பாலானவை இங்கே பிறக்கின்றன. இந்தப் படியில் அவசரப்பட வேண்டாம்.

இலைகளுக்கு எல்லாச் செடிகளிலும் ஒரே ஒளி கிடைக்க வேண்டும். இலைக்குக் கிடைக்கும் ஒளியே சர்க்கரையாக வேருக்கு இறங்குகிறது. தண்டுத்தொகுதியிலிருந்து ஹெச்ஒய்5 புரதமும் வேருக்கு நகர்ந்து செல்வதாக அராபிடாப்சிஸில் 2016-இல் காட்டப்பட்டுள்ளது. இலைக்கும் வேருக்கும் ஒளியைச் சேர்த்தே மாற்றினால், வந்த விளைவு எதனால் வந்தது என்று யாராலும் பிரிக்க முடியாது. ஆகவே இலைகளை ஒரே ஒளியில் வைத்து, வேரின் மேற்பகுதிக்கு மட்டும் ஒளியைத் திறக்கவோ மூடவோ செய்யுங்கள்.

குறைந்தது 30 சென்டிமீட்டர் ஆழமுள்ள தொட்டிகளைப் பயன்படுத்துங்கள். வெள்ளை அல்லது மெல்லிய பிளாஸ்டிக் தொட்டியின் சுவர் வழியே ஒளி கசியும். தொட்டியின் வெளிப்புறத்தை அலுமினியத் தாளால் இரண்டு சுற்றுச் சுற்றி, உள்ளே ஒளிமானியின் உணர்வியை வைத்துப் பாருங்கள். தென்னை நார்க்கழிவும் மணலும் கலந்த ஊடகம் நீர்விட்ட பின் அமுங்கும். வேரின் தோள் வெளியே தெரியும். விவசாயிகள் மண் அணைப்பது இந்தப் பச்சைத் தோளைத் தவிர்க்கத்தான். உங்கள் இருட்டுச் செடிகளிலும் வாரம் ஒருமுறை மண் அணையுங்கள்.

ஒளிக்குத் திறக்கும் செடியில் மேல்மண்ணை நீக்குவீர்கள். அப்போது ஒளி மட்டும் மாறுவதில்லை. ஈரம், காற்று, வெப்பம், தொடுகை எல்லாமே மாறுகின்றன. எனவே ஒப்பீட்டுச் செடியிலும் அதே அளவு மண்ணை நீக்கி, அந்த இடத்தை ஒளிபுகாத உறையால் மூடுங்கள். ஒளிச் செடிக்கும் அதே பருமனுள்ள தெளிவான உறையைப் போடுங்கள். மண்ணோடு விட்ட செடி மூன்றாவது தொகுதியாக இருக்கட்டும். இந்த மூன்றாவது தொகுதி இல்லாத ஆய்வேட்டைத் தேர்வாளர் முதல் கேள்வியிலேயே நிறுத்திவிடுவார்.

ஒளியின் அளவை லக்ஸில் எழுதாதீர்கள். லக்ஸ் மனிதக் கண்ணுக்கான அளவு. சதுர மீட்டருக்கு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் ஃபோட்டான் என்பதே செடிக்கான அளவு. சந்தையில் "வளர்ப்பு விளக்கு" என்று விற்கப்படும் எல்இடிகளில் நீலமும் சிவப்பும் எந்த விகிதத்தில் கலந்துள்ளன என்பது பெட்டியின் மேல் இராது. நிறமாலைத் தாளைக் கேட்டு வாங்குங்கள், கொடுக்காதவரிடம் வாங்காதீர்கள். நீலம், சிவப்பு, தூரச்சிவப்பு எனத் தனித்தனியாகச் சோதிப்பதாக இருந்தால் எல்லாவற்றிலும் ஃபோட்டான் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். புற ஊதா விளக்கு என்றால் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். சாதாரணக் கண்ணாடித் தட்டும் பல பிளாஸ்டிக்குகளும் புற ஊதாவின் ஒரு பகுதியை மறித்துவிடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

வேரைத் துண்டாக வெட்டி ஒளியில் வைக்கும் எளிய வழியை விரும்ப வேண்டாம். தண்டுத்தொகுதியிலிருந்து வரும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன், வேர் பச்சையாவதைத் தடுக்கிறது. அராபிடாப்சிஸில் வெட்டிப் பிரித்த வேர், அந்தத் தடை நீங்கியதாலேயே பச்சையானது. வெட்டிய வேரில் நீங்கள் அளப்பது ஒளியின் விளைவை மட்டும் அல்ல.

6. அறுவடையை ஒரு மணி நேரத்துக்குள் முடியுங்கள்

ஒளி சார்ந்த மரபணுக்களின் செயல்பாடு நாளின் நேரத்தோடு ஏறி இறங்கும். காலையில் ஒளிச் செடிகளையும் மாலையில் இருட்டுச் செடிகளையும் அறுவடை செய்தால் நேர வேறுபாடே முடிவாகப் பதிவாகும். விளக்கு எரிந்து நான்கு மணி நேரம் கழித்து என்பதுபோல் ஒரு நேரத்தை முடிவு செய்து, இரண்டு வகைச் செடிகளையும் மாற்றி மாற்றி எடுங்கள். உதவிக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும்: ஒருவர் கழுவி வெட்ட, மற்றவர் உறைக்குப் பெயரிட்டுத் திரவ நைட்ரஜனில் போட வேண்டும்.

இருட்டு வேரைக் கையாளும்போது மங்கிய பச்சை ஒளியைப் பயன்படுத்துங்கள். வேரின் வெளிப்பட்டையையும் நடுத்தண்டையும் தனித்தனியாகப் பிரியுங்கள். இரண்டிலும் நிறமி அளவு வேறு. அவற்றின் விகிதம் வேரின் பருமனோடு மாறுவதால், சேர்த்து அரைத்தால் பருமன் வேறுபாடு நிறமி வேறுபாடாகத் தோன்றும். ஒளி பட்ட வேர் மெலிந்திருக்கும் என்று மேலே சொன்னேன். அதனால் ஈர எடையோடு உலர் எடையையும் குறித்துக்கொள்ளுங்கள்.

7. நிறமியை அளக்கும் முன் கணக்கைச் சரிபாருங்கள்

ஆரஞ்சு வேருக்கு அசிட்டோனில் கரைத்து, பெட்ரோலிய ஈதருக்கு மாற்றி, 450 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளப்பது வழக்கம். பீட்டா கரோட்டினுக்குப் பெட்ரோலிய ஈதரில் 2592 என்ற குணகத்தைப் பயன்படுத்துவர். உறிஞ்சலைக் கரைசலின் மில்லிலிட்டர் அளவாலும் பத்தாயிரத்தாலும் பெருக்கி, 2592-ஐ மாதிரியின் கிராம் எடையால் பெருக்கிய தொகையால் வகுத்தால், ஒரு கிராமுக்கு எத்தனை மைக்ரோகிராம் என்பது கிடைக்கும். வேலை முழுவதையும் மங்கிய ஒளியில் செய்யுங்கள். ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கச் பியூட்டைலேட்டட் ஹைட்ராக்சிடொலுயீன் (BHT) என்ற பொருளைச் சிறிது சேர்ப்பார்கள்.

ஆனால் இந்த எளிய கணக்கு உங்கள் ஆய்வில் ஒரு பக்கத்துக்கு மட்டுமே பொருந்தும். ஒளி பட்ட வேரில் பச்சையம் உள்ளது. பச்சையமும் 450-க்கு அருகில் ஒளியை உறிஞ்சும். எனவே ஒளி வேரில் கரோட்டினாய்டு உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். நீங்கள் தேடும் வேறுபாடு சுருங்கும் அல்லது மறையும். இலைகளுக்கென வகுக்கப்பட்ட, 80 விழுக்காடு அசிட்டோனுக்கான மூன்று அலைநீளச் சமன்பாடுகள் பச்சையத்தைக் கழித்துத் தரும். ஆனால் அவை இலையின் கரோட்டினாய்டுக் கலவையை அடிப்படையாகக் கொண்டவை, கேரட் வேரில் குவியும் கரோட்டின் 80 விழுக்காடு அசிட்டோனில் முழுமையாகக் கரைவதும் இல்லை. நம்பகமான வழி, பச்சையத்தை அகற்ற மாதிரியைக் காரத்தோடு வினைபுரியச் செய்த (சவக்காரமாக்கல்) பின் ஹெச்பிஎல்சி எனப்படும் உயர்திறன் திரவ நிறப்பிரிகைக் கருவியில் பிரித்தளப்பது. சி30 வகைத் தூண் கரோட்டினாய்டுகளை நன்கு பிரிக்கும். பூசா ருதிராவுக்கு இது தவிர்க்க முடியாதது. அதில் லைக்கோபீனும் பீட்டா கரோட்டினும் கலந்திருப்பதால் 450-இல் எடுத்த ஒற்றை எண் எதையும் சொல்லாது.

ஆந்தோசயனினுக்கு ஒரு விழுக்காடு ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த மெத்தனாலில் இரவு முழுவதும் குளிரில் ஊறவைத்து, 530 நானோமீட்டர் உறிஞ்சலிலிருந்து 657 நானோமீட்டர் உறிஞ்சலின் கால் பங்கைக் கழியுங்கள். அந்தக் கழித்தல் பச்சையத்தின் குறுக்கீட்டுக்கானது. பிஹெச் 1.0, 4.5 ஆகிய இரண்டு கரைசல்களில் அளக்கும் முறை பழச்சாறுகளுக்கு நல்லது. கறுப்புக் கேரட்டின் ஆந்தோசயனின்களில் பெரும்பகுதி அமிலத் தொகுதி இணைந்தவை, 4.5-லும் நிறத்தை ஓரளவு தக்கவைப்பவை, ஆகவே அந்த முறை சற்றுக் குறைவாகக் காட்டும்.

8. மரபணுச் செயல்பாட்டை அளத்தல்

ஒரு மரபணு எவ்வளவு செயல்படுகிறது என்பதை அது உருவாக்கும் ஆர்என்ஏவைப் பிரித்து, நிகழ்நேர பிசிஆர் கருவியில் அளந்து அறிகிறோம். கேரட் வேரில் சர்க்கரையும் பலசர்க்கரையும் மிகுதி. கடையில் கிடைக்கும் பொதுவான ஆர்என்ஏ கிட் இலைக்கு வேலை செய்யும். வேருக்குக் கூழ் போன்ற படிவைத் தரும். சிடேப் (CTAB) என்ற சலவைப்பொருள் கரைசலில் பிரித்து, லித்தியம் குளோரைடில் இரவு முழுவதும் வீழ்படிவாக்கும் பழைய முறை நன்றாக உழைக்கிறது. அதற்கு இரண்டு நாள் ஆகும் என்பதை நாள்காட்டியில் சேருங்கள். 260-க்கும் 230-க்கும் உள்ள உறிஞ்சல் விகிதம் தாழ்ந்திருந்தால் சர்க்கரை எஞ்சியிருக்கிறது. மேலே போகாமல் மீண்டும் கழுவுங்கள்.

அளவு மாறாதது என்று கருதி மற்றவற்றை ஒப்பிடும் ஒப்பீட்டு மரபணுவாக ஆக்டின் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒளியில் பருக்காத வேருக்கும் இருட்டில் பருத்த வேருக்கும் செல் அமைப்பே வேறு என்பதால் ஆக்டின் மாறாது என்று எண்ண இடமில்லை. மூன்று மரபணுக்களைச் சோதித்து, நிலையாக உள்ள இரண்டைத் தேர்ந்தெடுங்கள். இலக்கு மரபணுக்களில் பிஎஸ்ஒய்1, பிஎஸ்ஒய்2 இரண்டையும் தனித்தனிப் பிரைமரால் (பிசிஆரில் மரபணுவை இனங்காணும் குறுகிய டிஎன்ஏ துண்டு) அளவிடுங்கள்; இரண்டும் ஒன்றையொன்று ஒத்தவை என்பதால் பிரைமரை இரு மரபணுவும் வேறுபடும் இடத்தில் வடிவமைத்து, கிடைத்த துண்டை ஒருமுறையேனும் வரிசைப்படுத்திப் பாருங்கள்.

முடிவைப் படிக்கும்போது ஒரு பொறி உண்டு. ஓஆர் புரதம், பிஎஸ்ஒய் நொதியைப் புரத நிலையில் நிலைநிறுத்துகிறது. வண்ணக்கணிகம் உருவாவதிலும் அதற்குப் பங்கு உண்டு. ஆர்என்ஏ அளவு மாறாமலேயே நிறமி பலமடங்கு மாறலாம். அப்படி வந்தால் உங்கள் சோதனை தோற்றதாகக் கருதி மறைக்க வேண்டாம். அது கட்டுப்பாடு எந்தப் படியில் நடக்கிறது என்பதைக் காட்டும் சான்று.

9. செலவை மாதிரி எண்ணிக்கையிலிருந்து கணக்கிடுங்கள்

விதை, தொட்டி, ஊடகம் எல்லாம் மொத்தச் செலவில் சிறு பங்கு. பணம் கரைவது ஆர்என்ஏ நொதிகளிலும், ஹெச்பிஎல்சி கட்டணத்திலும், தூய கரோட்டினாய்டு மாதிரிப் பொருள்களிலும்தான்.

இரண்டு ரகம், இரண்டு ஒளி நிலை, இரண்டு வயது, ஒவ்வொன்றிலும் ஆறு செடி என்றால் 48 வேர்கள். வெளிப்பட்டை, நடுத்தண்டு எனப் பிரித்தால் 96 மாதிரிகள். ஆறு மரபணு, ஒவ்வொன்றும் இரு முறை என்றால் பிசிஆர் தட்டில் 1152 குழிகள். 96 குழித் தட்டில் பன்னிரண்டு தட்டுகள், ஒப்பீட்டுக் குழிகளைச் சேர்க்காமலேயே. மண்ணோடு விட்ட மூன்றாவது தொகுதியையும் சேர்த்தால் இது ஒன்றரை மடங்காகும். நிதி குறைவாக இருந்தால் செடிகளின் எண்ணிக்கையைக் குறைக்காதீர்கள். நடுத்தண்டை உறைநிலையில் வைத்துவிட்டு, வெளிப்பட்டையை மட்டும் முதலில் அளவிடுங்கள். ஒரே வேரை மூன்று முறை அளந்து அதை மூன்று மாதிரியாக எண்ணுவது செலவைக் குறைக்கும் வழியல்ல. அது புள்ளியியல் பிழை.

ஹெச்பிஎல்சி கருவி உங்கள் துறையில் இல்லையெனில் பொதுக் கருவி மையங்களில் மாதிரிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குவார்கள். எல்லா மாதிரிகளையும் நிறமாலைமானியில் அளந்துவிட்டு, ஒவ்வொரு தொகுதியிலும் மூன்றை மட்டும் ஹெச்பிஎல்சிக்கு அனுப்பினால் போதும். விலைப்புள்ளி மூன்று நிறுவனங்களிடம் பெற வேண்டும் என்ற விதி பெரும்பாலான அரசுக் கல்லூரிகளில் உண்டு. நொதிகளுக்கான கொள்முதல் கோப்பை விதைக்கும் வாரமே தொடங்கினால்தான் அறுவடைக்குள் பொருள் வந்து சேரும். நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது என்பதையும் மறவாதீர்கள். பிப்ரவரிக்குப் பின் தொடங்கும் கோப்பு ஏப்ரலுக்குத் தள்ளிப்போக வாய்ப்பு மிகுதி.

10. தரவுகளைப் பதிவு செய்தல்

நீங்கள் புதிதாக வரிசைப்படுத்திய மரபணுத் துண்டுகளுக்குத் தரவு மையம் தரும் பதிவு எண்ணான அணுகல் எண் இன்றிப் பெரும்பாலான இதழ்கள் கட்டுரையை ஏற்பதில்லை. பொது நிதியில் நடந்த ஆய்வு என்றால் ஃபரீதாபாதில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தில் பதிவு செய்ய வேண்டியிருக்கும். உங்கள் நிதி ஒப்புதல் கடிதத்தில் அந்த நிபந்தனை உள்ளதா என்று பாருங்கள். பதிவின்போது ரகப் பெயர், வேரின் பகுதி, செடியின் வயது, ஒளியின் அளவு, அறுவடை நேரம் ஆகியவற்றைக் கேட்பார்கள். கட்டுரை வெளியாகும் வரை தரவை மறைத்து வைக்கும் தேதியையும் அப்போதே குறிப்பிடலாம். எண் வர சில நாள்கள் ஆகும் என்பதால், ஆய்வேட்டை அச்சுக்குக் கொடுப்பதற்கு ஒரு மாதம் முன்பே விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள்.